சால்மன் கூண்டுக்குள் உதட்டு மீன்: திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

நோர்வேயின் மேற்குக் கரையில், பேர்கனுக்கு வடக்கே ஒரு சால்மன் பண்ணையில் வேலை செய்கிறேன். இரண்டு கோடை விடுமுறைகளில் ஒரு மீனவரின் படகில் உதவிக்கும் போயிருக்கிறேன். "என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் "சால்மனுக்குப் பேன் பார்க்கிற வேலை" என்று சொல்லிவிடுவேன். அந்தப் பேனைத் தின்ன உதட்டு மீன் என்ற இன்னொரு மீனைக் கடலில் பிடித்துச் சால்மன் கூண்டுக்குள் விடுகிறோம் என்றும் சேர்த்துச் சொல்வேன். அங்கேதான் மாட்டிக்கொள்வேன். ஊரிலிருந்து தொலைபேசியில் பெரியப்பா, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோர், சென்னையில் இருக்கிற நண்பர் என்று எல்லோருக்கும் அதே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

"சால்மன் என்றால் நம்ம காலா மீன்தானே?"

சென்னை நண்பரின் கேள்வி. இல்லை. காலாவை "இந்தியன் சால்மன்" என்று பெயர் வைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு குடும்பம். இங்கே சொல்வது அத்திலாந்திக் சால்மன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்புகிற குளிர்நீர் மீன். 1970-ல் ஹித்ரா தீவில் அதைக் கடலில் வலைக்கூண்டு கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு நோர்வே மட்டும் வருடத்துக்குச் சுமார் 15 இலட்சம் தொன் வளர்த்து விற்கிறது.

"சால்மனுக்குப் பேனா? எங்கட தலையில வாற பேன் மாதிரியோ தம்பி?"

பெயர்தான் பேன். பூச்சி இல்லை, இறால் நண்டு வகையைச் சேர்ந்த ஒரு சின்ன உயிர். வளர்ந்த பெண் பேன் ஒரு சென்ரிமீற்றர் அளவு இருக்கும். பழுப்பு நிறம், பின்னால் இரண்டு நூல் தொங்கும். அந்த நூல்தான் முட்டைச் சரம், ஒவ்வொன்றிலும் சில நூறு முட்டை. மீனின் சளியையும் தோலையும் தின்னும், இரத்தமும் குடிக்கும். தலையில் பேன் கூடி, தோல் அரித்து, உச்சி வெள்ளையாகத் தெரிகிற மீனைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

கடலில் திரிகிற சால்மனிலும் பேன் உண்டு. ஆனால் அது ஆற்றுக்குள் ஏறினால் நன்னீரில் பேன் நிற்காது, கழன்றுவிடும். கூண்டில் இருக்கிற மீனுக்கு ஆறு ஏது? ஒரே கூண்டில் இரண்டு இலட்சம் மீன், அதைச் சுற்றி வெறும் வலை. குஞ்சுப் பேன் நீரோட்டத்தோடு அடுத்த கூண்டுக்கும் அடுத்த பண்ணைக்கும் போகும். வசந்த காலத்தில் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்குகிற விரலளவு காட்டுச் சால்மன் குஞ்சிலும் ஏறும். அந்தக் குஞ்சுக்குப் பத்துப் பேனே அதிகம். அரசாங்கம் தலையிடுவது முக்கியமாக அந்தக் குஞ்சுக்காகத்தான், எங்கள் மீனுக்காக இல்லை.

"அதைத் தின்னுற மீன் எது? எங்கட கடல்ல இருக்கோ?"

நோர்வேஜிய மொழியில் லெப்பஃபிஸ்க் என்பார்கள். சொல்லுக்குச் சொல் "உதட்டு மீன்". தடித்த உதடும் முன்னுக்குத் துருத்திய பல்லும் உள்ள, பாறையும் கடற்பாசியும் நிறைந்த கரையோரத்தில் வாழ்கிற மீன். நான்கு வகை முக்கியம். பெரியது பெர்கில்ட், அறுபது சென்ரிமீற்றர் வரை வளரும். நடுத்தரம் குரொன்கில்ட், வால் அடியின் நடுவில் ஒரு கரும்பொட்டு இருக்கும். சின்னது பெர்க்னெப், அதற்குப் பொட்டு வாலின் மேல் ஓரத்தில். அப்புறம் கிராஸ்கில்ட், குட்டி வாய்க்காரன். படகில் வகை பிரிக்கும்போது முதலில் பார்ப்பது பொட்டு எங்கே இருக்கிறது என்றுதான்.

நம் பக்கத்துக் கிளிமீன் இதற்கு நெருங்கிய சொந்தம். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் நீலக் கோடு போட்ட ஒரு சின்ன மீன் பெரிய மீன்களின் வாய்க்குள் புகுந்து சுத்தம் செய்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதற்கு அதுதான் தொழில். இங்கத்தை மீனுக்கு நண்டுக்குஞ்சு, மட்டி, புழு எல்லாம்தான் சாப்பாடு, பேன் கிடைத்தால் அதையும் கொத்தும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

"இதை யார் கண்டுபிடிச்சது?"

பேர்கனில் ஓஸ்முண்ட் பியூர்டால் என்ற ஆராய்ச்சியாளர் 1980-களின் கடைசியில் உதட்டு மீனைச் சால்மனோடு ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார். பேனைக் கொத்தித் தின்றன. அடுத்த சில வருடங்கள் நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் பண்ணைகள் முயன்று பார்த்தன. பிறகு நல்ல மருந்துகள் வந்ததும் மீனைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். 2008-க்குப் பிறகுதான் மறுபடி தேடி வந்தார்கள்.

"மருந்து போட்டால் போகாதோ? ஏன் இந்தப் பாடு?"

போட்டார்கள். தீனியில் கலந்து கொடுக்கிற எமாமெக்டின் என்ற மருந்து பல வருடங்கள் பிரமாதமாக வேலை செய்தது. ஒரே மருந்தை ஊர் முழுக்கப் பாவித்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. பேனுக்கு மருந்து பழகிவிட்டது.

சட்டமோ இறுக்கம். ஒரு மீனுக்குச் சராசரி 0.5 வளர்ந்த பெண் பேன், அதாவது இரண்டு மீனுக்கு ஒரு பேன், அதைத் தாண்டக் கூடாது. காட்டுச் சால்மன் குஞ்சு கடலுக்கு இறங்குகிற வசந்தகாலக் கிழமைகளில் 0.2, ஐந்து மீனுக்கு ஒன்று. வெதுவெதுப்பான மாதங்களில் கிழமைக்கு ஒரு முறை கூண்டுக்குக் கூண்டு மீனைப் பிடித்து, மயக்க மருந்துத் தொட்டியில் போட்டு, திருப்பித் திருப்பி எண்ணி அனுப்ப வேண்டும். அதற்கு மேல் 2017-லிருந்து கரை முழுவதையும் 13 பகுதியாகப் பிரித்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் உற்பத்தியை 6 வீதம் கூட்டலாம், சிவப்பு என்றால் 6 வீதம் குறைக்க வேண்டும். அந்த விளக்கைத் தீர்மானிப்பது காட்டுச் சால்மன் மீது பேன் செய்கிற சேதம்தான். ஒரு சென்ரிமீற்றர்ப் பேனுக்குப் பின்னால் இவ்வளவு பணம் தொங்குகிறது.

"எப்படிப் பிடிக்கிறீங்கள்? வலையோ தூண்டிலோ?"

கூடு. நம் கரையில் பாறை மீனுக்கு வைக்கிற கூடு மாதிரியேதான், அளவில் சின்னது. (கூடு என்றால் பிடிக்கிற பொறி, கூண்டு என்றால் சால்மன் வளர்க்கிற வலைக்கூண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) உள்ளே நசுக்கிய நண்டோ இறாலோ இரை. கரையை ஒட்டி, கெல்ப் என்கிற பெரிய கடற்பாசிக் காட்டுக்குள், பெரும்பாலும் பத்து மீற்றருக்கு உட்பட்ட ஆழத்தில் இறக்குவோம். ஆழத்திலிருந்து வேகமாக இழுத்தால் மீனின் காற்றுப்பை ஊதிவிடும், குடல் வாய்க்கு வந்துவிடும். உயிரோடு விற்க வேண்டிய மீனுக்கு அது செத்த கணக்கு.

நான் போன படகில் அதிகாலையே புறப்படுவோம். கோடையில் இங்கே அந்த நேரம் நல்ல வெளிச்சம். கூடு மேலே வந்ததும் தண்ணீர் நிறைந்த தட்டில் கவிழ்ப்போம், வெறும் பலகையில் கொட்டினால் செதில் போய்விடும். நண்டு ஒரு பக்கம் ஓடும், விலாங்கு ஒரு பக்கம் வழுக்கும், குட்டிக் கொட் மீன் துள்ளும். அதெல்லாம் உடனே கடலுக்கு. உதட்டு மீனை ஒவ்வொன்றாக அளவுப் பலகையில் வைத்துப் பார்த்து வகை வகையாகத் தொட்டியில் போடுவோம். தொட்டிக்குள் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். பெர்கில்டைப் பிடிக்கும்போது விரல் கவனம், நண்டு ஓட்டை உடைக்கிற பல் அது. மீனவர் எழுபதை நெருங்குகிறவர், நாள் முழுக்க என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஈரக் கை." காய்ந்த கையால் தொட்டால் சளி உரிந்து இரண்டு நாளில் புண் வரும்.

"சின்னன் பெரிசு எல்லாம் எடுப்பீங்களோ?"

இல்லை. கூட்டிலேயே 12 மில்லிமீற்றர் அகலத்தில் தப்புகிற வாசல் இருக்க வேண்டும், குட்டி மீன் அதால் வெளியே போய்விடும். அதற்கு மேலும் வகைக்கு ஒரு அளவு உண்டு. பெர்க்னெப்புக்கு 11 சென்ரிமீற்றர், குரொன்கில்டுக்கு 12, பெர்கில்டுக்கு 14. பெர்கில்டுக்கு மட்டும் மேலேயும் எல்லை, 28-ஐத் தாண்டினால் திரும்ப விட வேண்டும்.

அந்த மேல் எல்லை ஏன் என்று பலர் கேட்பார்கள். பெர்கில்ட் எல்லாமே பெண்ணாகப் பிறக்கும். பல வருடம் கழித்து, நன்றாகப் பெருத்த சிலது ஆணாக மாறும். பெரியதையெல்லாம் எடுத்துவிட்டால் அந்தப் பாறையில் ஆணே இருக்காது. குரொன்கில்டில் கதை வேறு. ஆண் பாசியைக் கொண்டுவந்து கூடு கட்டி, முட்டைக்குக் காவல் நிற்கும். கூடு கட்டாமல் பெண் வேடத்தில் திருட்டுத்தனமாக நுழைகிற குட்டி ஆண்களும் உண்டு. வேகமாக வளர்வது கூடு கட்டுகிற ஆண்தான். அப்போ 12 சென்ரிமீற்றர் என்று கோடு கிழித்தால் முதலில் மாட்டுவது யார்? பொறுப்பான தகப்பன். சட்டம் நல்ல நோக்கத்தில் போட்டதுதான், ஆனாலும் மீனின் குடும்ப வாழ்க்கை தெரியாமல் அளவுகோல் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

"வருசம் முழுக்கப் பிடிக்கலாமோ?"

முடியாது. முட்டையிடுகிற காலம் முடிய வேண்டும் என்பதற்காக ஆடி (ஜூலை) மாத நடுவில்தான் தொடங்க விடுவார்கள். வடக்கே இன்னும் பிந்தி. குளிர் வந்ததும் மீன் தானாகவே பாறை இடுக்குக்குள் போய்விடும், கூடு வைத்தும் பயனில்லை.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. பல வருடங்களாக நாடு முழுவதற்கும் 1.8 கோடி மீன் என்று வைத்திருந்தார்கள்: மேற்குக் கரைக்கு 1 கோடி, தெற்குக்கு 40 இலட்சம், அகலக்கோடு 62-ஆம் பாகைக்கு வடக்கே 40 இலட்சம். கட்டுப்பாடு சரியாகப் பிடிக்காத 2017-ல் இரண்டு கோடிக்கு மேல் பிடித்தார்கள்.

"ஒரு மீன் என்ன விலை போகும்?"

கிலோ கணக்கில்லை, எண்ணிக்கைக் கணக்கு. அதுவும் உயிரோடு இருந்தால்தான் காசு. பெர்கில்டுக்கு மற்றதைவிடப் பல மடங்கு விலை. எடை போட்டுப் பார்த்தால் கூண்டுக்குள் இருக்கிற சால்மனைவிட அதற்குக் காவல் போகிற உதட்டு மீன் விலை கூட. முன்பு நோர்வேக்காரர் இதை நண்டுக்கும் சிங்க இறாலுக்கும் இரையாகத்தான் பாவித்தார்கள். சின்னப் படகும் கொஞ்சக் கூடும் இருந்தால் போதும் என்பதால் ஓய்வுபெற்றவர், மாணவர் என்று கரையோரச் சனம் கோடையில் நல்ல காசு பார்த்தது. இதைச் சொல்லாமல் மீனவரை மட்டும் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

"ஒரு கூண்டுக்கு எத்தனை விடுவீங்கள்?"

சால்மன் எண்ணிக்கையில் நூற்றுக்கு நான்கு ஐந்து என்று வைப்பது வழக்கம், சிலர் பத்து வரை போவார்கள். சட்டப்படி ஒரு கூண்டில் இரண்டு இலட்சம் சால்மன் வரை இருக்கலாம். நூற்றுக்கு ஐந்து என்றால் பத்தாயிரம் உதட்டு மீன். எட்டுக் கூண்டு உள்ள பண்ணைக்கு எண்பதாயிரம். ஒரு படகு நாள் முழுக்க உழைத்துச் சில நூறு, நல்ல நாளில் அதைவிடக் கொஞ்சம் கூடக் கொண்டுவரும். அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"விட்ட உடனே வேலையைத் தொடங்கீடுமோ?"

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முன்னே சொன்ன வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பேன் தின்பது இதற்குக் குலத்தொழில் இல்லை. கூண்டு வலையில் மட்டியும் பாசியும் படிந்திருந்தால் மீன் அதையே மேய்ந்துகொண்டு நாளைக் கழிக்கும், சால்மன் பக்கம் திரும்பியும் பார்க்காது. அதனால் வலையை அடிக்கடி கழுவ வேண்டும். கழுவும்போது எழுகிற தூசியும் துணுக்கும் சால்மனின் செவுளுக்குக் கெடுதல். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிற வேலை.

ஒளிய இடமும் வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் கீலங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோம், தூரத்தில் பார்த்தால் கெல்ப் மாதிரியே இருக்கும். இரவில் மீன் அதற்குள்தான் படுக்கும். பேன் குறைந்த காலத்தில் தீனியும் போட வேண்டும், கல்லுப் போன்ற கட்டித் தீனியைக் கொத்தித் தின்னும். தீனியை மறந்தால் பசியில் சால்மனின் துடுப்பையோ கண்ணையோ கொத்தின கதைகளும் உண்டு. குளிர் காலத்தில் நீர் ஐந்தாறு பாகைக்குக் கீழே இறங்கினால் உதட்டு மீன் சுருண்டு படுத்துவிடும். பேனுக்கு அந்த விடுமுறை கிடையாது.

"சால்மன் இதைப் பிடிச்சுத் தின்னாதோ?"

அரிது. உருண்டைத் தீனிக்குப் பழகிய சால்மன் முள்ளுத்துடுப்பு மீனைப் பெரிதாக மதிப்பதில்லை. அளவு பொருந்தாமல் மிகச் சின்ன மீனை விட்டால் தின்னவும் கூடும், வலைக்கண்ணால் நழுவிப் போகவும் கூடும். பண்ணைகளில் அதிகம் நடப்பது இந்த நழுவல்தான்.

"உண்மையா பேன் குறையுதோ, இல்லாட்டி சும்மா கதையோ?"

தொட்டியிலும் சின்னக் கூண்டிலும் செய்த பரிசோதனைகளில் நன்றாகக் குறைந்தது. பெரிய கூண்டில் அவ்வளவு தெளிவில்லை. நோர்வேப் பண்ணைகளின் பேன் கணக்கையும் விட்ட மீன் கணக்கையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. பலன் இருக்கிறது, ஆனால் சிறிது, இடத்துக்கு இடம் நிறைய மாறுகிறது என்றுதான் அது சொன்னது.

என் அனுபவத்தில், கூண்டைப் பார்க்கிற ஆளைப் பொறுத்தது. மறைவிடம், தீனி, வலைச் சுத்தம் மூன்றையும் பிடிவாதமாகக் கவனிக்கிற ஒருவர் பொறுப்பில் இருந்த கூண்டில் இலையுதிர் காலம் முழுக்கப் பேன் ஏறவே இல்லை. பக்கத்துக் கூண்டு, அதே நீர், அதே நாளில் விட்ட மீன், பேன் நீக்க மூன்று தடவை வெந்நீருக்குப் போனது. உதட்டு மீன் தின்பதும் நடமாடுகிற பெரிய பேனைத்தான். தோலில் ஒட்டிக்கிடக்கிற பொடிப் பேன் அதன் கண்ணில் படாது.

"வேலை முடிஞ்சதும் திருப்பிக் கடல்ல விட்டுடுவீங்கள்தானே?"

பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. தலையாட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இல்லை, விடுவதில்லை. கூண்டில் இருந்த மீன் நோயைக் கரைக்குக் கொண்டுபோகலாம் என்பதால் விடவும் கூடாது. சால்மன் அறுவடைக்குப் போகும்போது மிஞ்சியிருக்கிற உதட்டு மீனைப் பிடித்து, மயக்கிக் கொன்று, அமிலத் தொட்டியில் கூழாக்குவோம்.

"மிஞ்சியிருக்கிற" என்று எழுதியதைக் கவனியுங்கள். பலது அது வரைக்கும் வராது. காயம், பாக்டீரியாப் புண், குளிர், புயல், பேன் நீக்கும் வெந்நீரில் தவறி மாட்டுவது என்று ஒவ்வொன்றாகப் போய்விடும். நோர்வே உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018, 2019-ல் பண்ணை பண்ணையாகச் சோதித்தது. பதிவான சாவே நடுத்தரமான பண்ணையில் பத்துக்கு நான்கு அளவில் இருந்தது. பதிவாகாமல் கூண்டின் அடியில் கரைந்து போவது தனிக் கணக்கு, சின்ன மீன் சீக்கிரம் அழுகிவிடும். அதனால்தான் "எத்தனை செத்தது?" என்று கேட்டால் எங்களிடம் சரியான விடை இருப்பதில்லை. போட்டது பத்தாயிரம், எடுத்தது இரண்டாயிரம், வாளியில் எண்ணினது மூவாயிரம், மீதி எங்கே?

2009-ல் வந்த விலங்கு நலச் சட்டம் மீனையும் சேர்த்துத்தான் பேசுகிறது. கூண்டுக்குள் வந்த நிமிடத்திலிருந்து உதட்டு மீனும் சால்மன் மாதிரியே வளர்ப்பு விலங்கு. சால்மன் இந்த அளவுக்குச் செத்தால் அது செய்தி.

"உப்பிடிப் பிடிச்சால் கடல்ல அழிஞ்சு போகாதோ?"

முழுக்க அழிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தென் கரையில் பிடிக்கத் தடை உள்ள பாதுகாப்புப் பகுதிகளையும் பக்கத்தில் பிடிக்கிற இடங்களையும் ஒப்பிட்டபோது, பெர்க்னெப் எல்லாத் தடைப் பகுதியிலும், குரொன்கில்ட் பெரும்பாலானவற்றிலும் கூடுதலாகவே இருந்தன.

இந்த மீன் ஊர் சுற்றாது. தன் பாறை, தன் பாசிக்காடு, அதற்குள் சில பத்து மீற்றர் வட்டம், வாழ்நாள் அவ்வளவுதான். ஒரு குடாவைத் துடைத்து எடுத்தால் பக்கத்துக் குடாவிலிருந்து பெரிய மீன் வந்து நிரப்பாது. பெர்கில்ட் இருபத்தைந்து வருடம் வரை வாழும், பெர்க்னெப் கையகலம்தான் என்றாலும் இருபது வரை போகும். போன முறை படகில் என் உள்ளங்கையில் துடித்த பெர்க்னெப், நான் இந்த நாட்டுக்கு வந்த வருடத்தில் பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

இங்கிலாந்தின் தென்மேற்கிலும் இதே வழக்கு. டோர்செட், டெவன், கோர்ன்வால் கரைகளில் பிடித்து, தொட்டி லொறியில் ஏற்றி, ஸ்கொட்லாந்துப் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். தூண்டில் போடுகிறவர்களும் சுழியோடிகளும் கத்தத் தொடங்கிய பிறகுதான் அங்கே மேல் அளவு, கீழ் அளவு, மூடிய காலம் எல்லாம் வந்தன.

"மீன் மீன்தானே? எந்தக் கரையில பிடிச்சால் என்ன?"

இதுதான் கொஞ்சம் சிக்கலானது. தேவை வடக்கே கூட, மீன் தெற்கே கூட. அதனால் சுவீடனின் மேற்குக் கரையிலிருந்தும் நோர்வேயின் தென் கரையிலிருந்தும் வாகனத்தில் ஏற்றி நடு நோர்வே வரைக்கும் கொண்டுபோனார்கள். பார்க்க ஒரே மீன். ஆனால் தென்மேற்கு மூலையில் ஜேரன் என்ற நீண்ட மணற்கரை இருக்கிறது. பாறை மீனுக்கு மணல் பாலைவனம் மாதிரி, தாண்டாது. அதனால் மணலுக்கு இந்தப் பக்கத்துக் குரொன்கில்டும் அந்தப் பக்கத்துக் குரொன்கில்டும் நெடுங்காலமாகக் கலக்கவில்லை, மரபணுவில் பிரிந்தே நிற்கின்றன.

இப்போது கலக்கின்றன. நடு நோர்வேயில் ஃப்ளாத்தாங்கர் என்ற இடத்தில் பண்ணைக்குக் கொண்டுவந்த தென் கரை மீன் தப்பிப் போய் உள்ளூர் மீனோடு கூடிக் குஞ்சு பொரித்திருப்பதை 2018-ல் மரபணுப் பார்த்துக் காட்டினார்கள். நோயும் கூடவே வரும். 2012-ல் ஸ்கொட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் பண்ணைக்கு வைத்திருந்த உதட்டு மீன்களில் விஎச்எஸ் என்ற பொல்லாத வைரஸ் பிடித்தது. வேறு கரை மீனை வாங்குவதை நான் நியாயப்படுத்த மாட்டேன். பண்ணை எங்கேயோ மீனும் அங்கேயே பிடிக்க வேண்டும். அங்கே போதாது என்றால் அந்தப் பண்ணைக்கு இந்த வழி ஒத்துவராது, விட்டுவிடலாம்.

"அப்ப அதையும் பண்ணையில வளர்க்கலாமே?"

பெர்கில்டை வளர்க்கிறார்கள், நோர்வேயிலும் ஸ்கொட்லாந்தின் மக்ரிஹானிஷிலும். முட்டையிலிருந்து கூண்டுக்குப் போகிற அளவுக்கு வர ஒன்றரை வருடம் போலப் போகும், செலவும் அதிகம். மற்ற வகைகளை அந்த அளவில் யாரும் வளர்ப்பதில்லை.

லேசாக வளர்வது வேறு மீன்: ரொக்ன்ஷெக்ஸ். பந்து மாதிரி உடம்பு, வயிற்றில் ஒட்டிக்கொள்கிற வட்டு, குளிரிலும் சுறுசுறுப்பு. உதட்டு மீன் உறங்குகிற வடக்கு நீருக்கு ஏற்றது என்று அதைக் கோடிக்கணக்கில் வளர்த்து விட்டார்கள். 2019-ல் நோர்வேக் கூண்டுகளுக்குள் போன துப்புரவு மீன் (பேன் தின்ன விடுகிற மீன்) எல்லா வகையும் சேர்த்துச் சுமார் 6 கோடி, அதில் பெரும் பங்கு இதுதான். கடல் மீனைப் பிடிக்கிற பிரச்சினை தீர்ந்தது, செத்துப்போகிற பிரச்சினை தீரவில்லை. ரொக்ன்ஷெக்ஸின் சாவு உதட்டு மீனைவிடக் குறைவில்லை. அதன் பிறகு எண்ணிக்கை நன்றாகவே இறங்கிவிட்டது.

"வெந்நீர், லேசர் எல்லாம் வந்திட்டுதே, இன்னும் ஏன் இது?"

வெந்நீர் என்றால் சால்மனை 28-லிருந்து 34 பாகை நீரில் அரை நிமிடம் ஓட்டி எடுப்பது. பேன் கழன்றுவிடும். ஆனால் குளிர்நீர் மீனுக்கு அது சூடு வைப்பது மாதிரி, அந்த நீரில் அது துடிக்கிற துடிப்பு பார்க்க முடியாது. பலவீனமான மீன் பிறகு கூட்டமாகச் சாகும். நீர் பீய்ச்சிக் கழுவுவது, நன்னீரில் குளிப்பாட்டுவது என்று வேறு வழிகளும் உண்டு. இதில் எதைச் செய்வதற்கும் முன்னால் உதட்டு மீனைக் கூண்டிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடித்து முடித்ததாக எனக்கு நினைவில்லை.

லேசர் கருவி கூண்டுக்குள் தொங்கியபடி பேனைக் கண்டு சுடும். மேல்நீரில் திரிகிற குஞ்சுப் பேன் வராமல் பாவாடை மாதிரித் துணி கட்டுவது, கூண்டை ஆழத்தில் இறக்குவது, முழுக்க மூடின கூண்டு என்று பேனே ஏறாமல் தடுக்கிற வழிகளும் வளர்ந்து வருகின்றன. என் வோட்டு அவற்றுக்குத்தான். உதட்டு மீனைப் "பசுமை வழி" என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் சொல்வது ஒரு பாதி உண்மை. மருந்து கடலில் கலக்கவில்லை, சால்மனுக்கு வேதனை இல்லை. மற்றப் பாதி எங்கள் வாளியில் கிடக்கிறது.

"உதட்டு மீனைச் சமைச்சுச் சாப்பிட்டிருக்கிறியோ?"

ஒரு தடவை. தூண்டிலில் ஒரு பெர்கில்ட் மாட்டியது, அம்மா குழம்பு வைத்தார். முள்ளு அதிகம், சதை மென்மை, ருசி சுமார். ஸ்பெயினின் கலீசியாவில் விரும்பிச் சாப்பிடுவார்களாம். பேன் பிரச்சினையால் சால்மனைச் சாப்பிடப் பயமா என்றும் சேர்த்தே கேட்பார்கள். பயமில்லை. பேன் மனிதரில் ஏறாது, அறுவடைக்குப் பிறகு மீனில் நிற்கவும் நிற்காது.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு ஏன்டா அந்த வேலையைச் செய்யிறாய்?"

பெரியப்பா கேட்டது. பருத்தித்துறையில் அவரும் கடல் தொழில் பார்த்தவர், கேட்க உரிமை உள்ளவர். வீட்டுக் கடன் இருக்கிறது, பெரியப்பா, அது முதல் காரணம். கூண்டை ஒழுங்காகப் பார்க்கிற ஆள் இருந்தால் வித்தியாசம் தெரிகிறது என்று மேலே எழுதியிருக்கிறேனே, அது இரண்டாவது.

காலையில் கூண்டின் அடியிலிருந்து குழாய் வழியாகச் செத்த மீனை மேலே உறிஞ்சி எடுப்போம். முன்பு "துப்புரவு மீன்" என்று ஒரே கட்டத்தில் மொத்தமாக எண் போட்டுவிடுவார்கள். நான் கேட்டுக் கேட்டு, இப்போது எங்கள் பண்ணைத் தாளில் பெர்கில்ட், குரொன்கில்ட், பெர்க்னெப் என்று தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். வால் அழுகியிருந்தாலும் பொட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். நேற்று நான்காம் கூண்டில் முப்பத்தொன்று, அதில் இருபத்தாறு குரொன்கில்ட்.